நேர்சிங் ஹோமில் ஆள் இல்லை என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நேர்சிங் ஹோம், அதாவது முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லம், என்று கதையெடுத்தால் அடுத்த வசனம் "அங்கே ஆள் இல்லையாம்" என்பதாகத்தான் இருக்கும். கலியாண வீட்டிலும் கோவில் மண்டபத்திலும் இதையே கேட்கிறேன். இந்த வேலைக்கு ஒருவரும் வருவதில்லை, இளம் பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை, வந்தவர்களும் ஓடிவிடுகிறார்கள் என்று காரணமும் சேர்த்தே சொல்வார்கள். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு நேர்சிங் ஹோமில் பல வருடமாக பிஎஸ்டபிள்யூவாக (பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர், முதியவர்களின் அன்றாடத் தேவைகளைப் பார்ப்பவர்) வேலை செய்கிறேன். ஆள் இருக்கிறது. எங்கள் ஸ்கெடியூல் ஒஃபிஸில் கசுவல்காரரின், அதாவது கூப்பிட்டால் மட்டும் வேலைக்கு வருபவர்களின், போன் நம்பர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவர்கள் நம்பி நிற்கக்கூடிய முழுநேர வேலைதான் இல்லை. இதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிஎஸ்டபிள்யூ என்றால் நேர்ஸ் இல்லை. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, டொக்டருக்கு அறிவிப்பது எல்லாம் நேர்ஸின் பொறுப்பு. காலையில் எழுப்பி, முகம் கழுவி, பல்லுச் செட்டைக் கழுவிப் போட்டு, பம்பர்ஸ் மாற்றி, உடுப்பு மாற்றி, கதிரையில் ஏற்றி, சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஊட்டி, திரும்பக் கொண்டுவந்து, டொய்லெட்டில் இருத்தி, படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்து, கிழமைக்கு இரண்டு தரமாவது குளிக்கவார்த்து, இதையெல்லாம் சுவரில் இருக்கும் திரையில் பதிந்து முடிப்பது எங்கள் வேலை. நேர்சிங் ஹோமில் இருக்கும் ஒருவரின் உடம்பை ஒரு நாளில் அதிகம் தொடுபவர் பிஎஸ்டபிள்யூதான். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் எங்கள் சனத்தில் ஒரு வீட்டில் பிஎஸ்டபிள்யூ இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருப்பார். ஊரில் ரீச்சராக இருந்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு நாற்பது வயதில் கொலிஜ் போனவர்கள் என்று எல்லோரும் இதற்குள் இருக்கிறார்கள்.

படித்து முடித்து வேலைக்குப் போனால் முதலில் கிடைப்பது கசுவல். இத்தனை மணித்தியாலம் தருவோம் என்று ஒரு வாக்குறுதியும் அதில் கிடையாது. யாராவது சுகமில்லை என்று சொன்னால் போன் வரும். விடிய ஐந்து மணிக்கு வரும், ஐந்தரைக்கு வரும். காலைச் சிஃப்ட் ஏழு மணிக்கு. பிள்ளையைப் பார்க்க ஆள் பிடித்து, உடுப்பு மாற்றி, பஸ் எடுத்துப் போக வேண்டும். வர ஏலாது என்று இரண்டு மூன்று தரம் சொன்னால் போன் வருவது குறையும். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு மேலே பகுதிநேரம். நாங்கள் அதை லைன் என்று சொல்வோம். இரண்டு கிழமைக்கு நாலு சிஃப்ட் ஒரு லைன், ஐந்து சிஃப்ட் ஒரு லைன், ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை சனி ஞாயிறு கட்டாயம். நாலு சிஃப்ட் சம்பளத்தில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டுக்கு வாடகை கட்ட முடியாது என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே இன்னொரு நேர்சிங் ஹோமில் இன்னொரு லைன். சிலருக்கு மூன்றாவதும் உண்டு. ஓரிடத்தில் காலைச் சிஃப்ட் மூன்று மணிக்கு முடிய, நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துப் பின்னேரச் சிஃப்டுக்கு ஓடுவார்கள். முழுநேர லைன் ஒன்று காலியானால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், சீனியாரிட்டிப்படி போகும். ஒரு முழுநேரக்காரர் ஓய்வு பெற்றுப் போனபோது அந்த லைன் திரும்ப ஒட்டப்படவே இல்லை, இரண்டு சின்ன லைன்களாக வெட்டித்தான் ஒட்டினார்கள். இதை நான் வேலை செய்த இடத்தில் கண்ணால் பார்த்தேன். காரணம் கேட்டதற்கு "ஒப்பரேஷனல் தேவை" என்ற பதில் மட்டும்தான் வந்தது.

இது எங்கள் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. 2020 ஜூலையில் ஒன்ராறியோ அரசு வெளியிட்ட ஆளணி பற்றிய அதன் சொந்த ஆய்விலேயே, நேர்சிங் ஹோம் பிஎஸ்டபிள்யூக்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் முழுநேரம் என்று இருக்கிறது. மிச்சப் பேர் பகுதிநேரமும் கசுவலும். நாளுக்கு 24 மணித்தியாலம், வருடத்தில் 365 நாளும் நடக்கிற வேலை இது. பொங்கலுக்கும் நத்தாருக்கும் பூட்டுகிற இடம் இல்லை. நாளைக்கும் இதே அம்மாவுக்கு இதே நேரத்துக்கு முகம் கழுவ வேண்டும் என்பது இன்றைக்கே தெரியும். அப்படி நிச்சயமான ஒரு வேலையை இவ்வளவு நிச்சயமில்லாத ஆட்களை வைத்து ஏன் நடத்த வேண்டும்?

காசுதான் முதல் காரணம். முழுநேரக்காரருக்கு மருந்துக்கும் பல்லுக்கும் காப்புறுதி, சுகயீன விடுப்பு, சில இடங்களில் ஓய்வூதியம் எல்லாம் வரும். பகுதிநேரக்காரருக்கு அதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு ஒரு சின்ன வீதம் சேர்ப்பார்கள், அல்லது ஒன்றுமே இல்லை. இரண்டாவது காரணம் மனேஜரின் வசதி. குறைந்த மணித்தியாலத்தில் ஆட்களை வைத்திருந்தால், தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம், ஓவர்டைம் கொடுக்கத் தேவையில்லை. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: நேர்சிங்குக்கும் பராமரிப்புக்கும் அரசு தருகிற காசு தனிக் கணக்கில் வருகிறது, அதில் மிச்சம் பிடித்து லாபமாக எடுக்க முடியாது, செலவழிக்காததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே எங்கள் சம்பளத்தை வெட்டி முதலாளி நேரே பையில் போடுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். தருகிற காசு காணாது என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதே கணக்கிலிருந்து ஏஜென்சிக்குக் கொடுக்கும்போது மணித்தியாலத்துக்கு எங்களுக்குத் தருவதைவிட எவ்வளவோ கூடக் கொடுக்கிறார்கள். அதற்குக் காசு எங்கே இருந்து வருகிறது என்று நான் கேட்டால் அது பிழையான கேள்வியா?

ஏஜென்சி என்றால் வேலைக்கு ஆள் அனுப்பும் கொம்பனி. போன் ஆப்பில் சிஃப்ட் போடுவார்கள், முதலில் அமத்தியவருக்குக் கிடைக்கும். எங்கள் இடத்துக்கு வரும் ஏஜென்சிப் பிள்ளைகளில் கனபேர் படிக்க வந்த மாணவர்கள், அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். இன்றைக்கு ஸ்காபரோ, நாளைக்கு எற்றோபிக்கோ, மறுநாள் ஏஜெக்ஸ். போன மாரியில் ஒரு பிள்ளை, ஊரில் வவுனியாப் பக்கம், காய்ச்சலோடு வேலைக்கு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வீட்டுக்குப் போ பிள்ளை என்று சொன்னேன். "அக்கா, இண்டைக்கு இல்லையெண்டு சொன்னா அடுத்த கிழமை முழுக்க எனக்கு ஒண்டும் வராது" என்றாள். அவளை நேர்ஸ்தான் கடைசியில் திருப்பி அனுப்பினார். அந்த நாளுக்கு அவளுக்குச் சம்பளம் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் நான் அவளைக் காணவில்லை.

சுகயீன விடுப்பின் கதையையே தனியாகச் சொல்லலாம். 2018இல் ஒன்ராறியோவில் எல்லாத் தொழிலாளருக்கும் வருடத்துக்குச் சம்பளத்தோடு 2 நாள் அவசர விடுப்பு சட்டமாக வந்தது. பகுதிநேரக்காரருக்கும் கசுவலுக்கும் முழுநேரக்காரருக்குச் சமமான மணித்தியாலச் சம்பளம் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. ஆட்சி மாறியது. 2019 ஜனவரி 1இலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் கொவிட் வந்தபோது, உலகத்திலேயே நோயோடு வேலைக்கு வரக்கூடாத ஆட்கள், வீட்டில் நின்றால் சம்பளம் இல்லை என்ற நிலையில் இருந்தோம். 2021 ஏப்ரலில் தற்காலிகமாக 3 நாள் தந்தார்கள். 2023 மார்ச் 31உடன் அதுவும் போனது.

2020 வசந்த காலத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த வேலையைப் பற்றிக் கதைக்கவும் முடியாது. அந்த ஏப்ரலில் ஒன்ராறியோவில் ஐந்து நேர்சிங் ஹோம்களுக்குள் இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது, அதில் ஒன்று ஸ்காபரோவில். மே 26ஆம் தேதி அவர்களின் அறிக்கை வெளியானது. அழுக்கான பம்பர்ஸோடு விடப்பட்டவர்கள், கரப்பான் பூச்சி, பலவந்தமாக உணவூட்டல் என்று அதில் இருந்ததை நாடே வாசித்தது. முதல் இரண்டு அலைகளிலும் ஒன்ராறியோ நேர்சிங் ஹோம்களில் கிட்டத்தட்ட 4,000 முதியவர்களும் 11 ஊழியர்களும் இறந்தார்கள் என்று நீதிபதி மறோக்கோ தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2021 ஏப்ரல் 30 அறிக்கையில் எழுதியது.

கிருமி ஒரு இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனது என்று கேட்டபோது எல்லோரும் எங்கள் பக்கம்தான் திரும்பினார்கள். இரண்டு மூன்று இடத்தில் வேலை செய்கிறார்களாம், அவர்கள்தான் காவுகிறார்களாம். 2020 ஏப்ரல் 22இலிருந்து ஒருவர் ஒரு நேர்சிங் ஹோமில் மட்டும்தான் வேலை செய்யலாம் என்று உத்தரவு வந்தது. அது சரியான உத்தரவுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் நாலு நாலு சிஃப்ட் செய்தவருக்கு, விட்ட இடத்து நாலு சிஃப்டை நிற்கிற இடத்தில் தருவோம் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குச் சம்பளம் பாதியானது. ஏஜென்சி ஆட்களுக்கோ அந்த உத்தரவு பொருந்தாது என்று விலக்கு. எங்களை ஒரு இடத்தில் கட்டிப் போட்டுவிட்டு, அதே தளத்துக்கு நேற்று வேறு இல்லத்தில் நின்ற ஏஜென்சிப் பிள்ளையை அனுப்பினார்கள். நாங்கள் ஆசைப்பட்டு இரண்டு இடத்தில் வேலை செய்யவில்லை. ஓரிடத்தில் போதுமான வேலை தந்திருந்தால் அந்த உத்தரவே தேவைப்பட்டிருக்காது.

அந்த நாட்களில் மாலையில் பானை தட்டினார்கள், வீரர்கள் என்றார்கள். மணிக்கு 4 டொலர் கூட்டித் தந்தார்கள், 2020 ஓகஸ்ட் 13உடன் நிற்பாட்டினார்கள். ஒக்ரோபரில் மணிக்கு 3 டொலர் என்று திரும்ப வந்தது. அது மார்ச் வரைக்கும் என்றார்கள், பிறகு ஜூன், பிறகு ஓகஸ்ட், பிறகு ஒக்ரோபர் என்று தள்ளித் தள்ளிப் போனது. 2022இல்தான் அதை நிரந்தரமாக்கிச் சட்டம் வந்தது. அந்த ஒன்றரை வருடமும் ஒவ்வொரு முடிவுத் தேதிக்கும் முந்தின கிழமை ஊழியர் அறையில் இருந்த கதை இது ஒன்றுதான். கார் லீஸ் எடுக்கலாமா, பிள்ளையை டான்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று 3 டொலரை நம்பி முடிவெடுக்க முடியாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். லாப நோக்கில்லாத அறக்கட்டளை இல்லங்களில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2019இல் வந்த பில் 124 என்ற சட்டம் அவர்களின் சம்பள உயர்வை வருடத்துக்கு 1 சதவீதத்துக்குள், மூன்று வருடத்துக்குக் கட்டிப்போட்டது. 2022 நவம்பரில் நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரண் என்றது, 2024 பெப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்ன பிறகுதான் அரசு கைவிட்டது.

வேலைநிறுத்தம் செய்யலாமே என்று ஒரு தம்பி என்னைக் கேட்டார். எங்களால் முடியாது. ஆஸ்பத்திரிகளுக்கும் நேர்சிங் ஹோம்களுக்கும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி வேலைநிறுத்தம் தடை, பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்புத்தான். அது எனக்கு நியாயமாகவே படுகிறது. நாங்கள் வெளியே பதாகை பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே ஒரு ஐயா நனைந்தபடி கிடப்பார், அதை எங்களில் ஒருவரும் செய்யமாட்டோம். ஆனால் நாங்கள் விட்டுப் போகமாட்டோம் என்று தெரிந்த இடத்தில் எங்களுக்குப் பேரம் பேசும் பலமும் இல்லை. பழைய ஒப்பந்தம் முடிந்து எவ்வளவோ காலம் கழிந்துதான் நடுவர் தீர்ப்பு வரும், அதற்குள் கசுவலில் இருந்தவர்கள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இதெல்லாம் எங்கள் சம்பளக் கதை, முதியவர்களுக்கு இதில் என்ன என்று நினைப்பவர்களுக்காக ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன்.

என் தளத்தில் ஒரு அம்மா இருக்கிறார். மறதி நோய் முற்றி இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது, தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அவரைக் கதிரையில் ஏற்ற லிஃப்ட் மெசின் வேண்டும். ஸ்லிங் என்கிற துணித் தொட்டிலை முதுகுக்குக் கீழே விரித்து, நாலு கொக்கியையும் மாட்டி, மெல்ல உயர்த்த வேண்டும். எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் மெசினைப் பிடிக்க மற்றவர் ஆளைப் பிடிப்பார். அந்த அம்மாவுக்கு அந்தரத்தில் தொங்குவது என்றால் உயிர் போகிற பயம். ஆனால் ஸ்லிங் மாட்டமுதல் அவர் வலது கையைப் பிடித்து, "அம்மா, தூக்கப் போறன், பயப்பிடாதேங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருப்பார். குளிக்கவார்க்கும்போது முதலில் காலில் தண்ணி படக்கூடாது, கையில் ஊற்றிக் காட்டிவிட்டுத் தோளில் தொடங்க வேண்டும். தலைக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவினால் முகமே மாறிவிடும். அவர் மகள் கொண்டுவந்து வைத்த போத்தல் லாச்சிக்குள் இருக்கிறது.

இது எல்லாம் கெயார் பிளானில், அதாவது ஒவ்வொருவரையும் எப்படிப் பராமரிப்பது என்ற குறிப்பில், எழுதலாம், எழுதியும் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு ஏஜென்சியிலிருந்து முதல் தரம் வந்து இறங்குகிற பிள்ளைக்குப் பத்துப் பேரின் கெயார் பிளானை வாசிக்க நேரம் எங்கே? எட்டரைக்குள் பத்துப் பேரும் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குத் தொண்ணூறு நிமிடம், ஒருவருக்கு ஒன்பது நிமிடம். லிஃப்டுக்கு இன்னொருவர் வரும்வரை காத்திருக்கும் நேரமும் அதற்குள்தான். சோர்ட்டான நாளில், அதாவது நாலு பேர் நிற்க வேண்டிய தளத்தில் மூன்று பேர் நிற்கும் நாளில், பத்து என்பது பதின்மூன்றாகும். ஒரு நாள் அப்படி ஒரு பிள்ளை அந்த அம்மாவைப் பார்க்க வந்தாள். அவளில் பிழையில்லை, கெட்டிக்காரி, கை மென்மையானது. ஆனால் அவள் கதைத்தது இங்கிலீஷில், காலில் தண்ணியை விட்டாள், அம்மா வீரிட்டுக் கத்தி அவள் கையைக் கடித்துவிட்டார். அன்றைய பதிவில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே "முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்" என்று ஏறியது. அப்படி அடிக்கடி ஏறினால் மருந்து கூட்டுவதைப் பற்றிக் கதை வரும். ஒரு முழுநேர வேலையைத் துண்டு துண்டாக வெட்டியதன் விலையை அந்த அம்மாதான் கட்டுகிறார்.

நாரி நோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோர்ட்டான நாளில் லிஃப்டுக்கு இரண்டாவது ஆள் கிடைக்காது. விதிப்படி காத்திருந்தால் மற்ற அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும். தனியாகத் தூக்கினால் நாரி போகும், பிடிபட்டால் வேலையும் போகும். கசுவலாக இருப்பவர் நாரி நோவுக்கு அறிக்கை எழுதுவதற்கே பயப்படுகிறார். எழுதினால் "அவருக்குக் கூப்பிடாதே, அவர் நோகுது என்பார்" என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். எங்கள் சனத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எத்தனை பிஎஸ்டபிள்யூ அக்காமார் நாரிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள் என்று நீங்கள் கோவிலில் வரிசையில் நிற்கும்போது பார்த்தாலே தெரியும்.

சரி, அரசு ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. 2021இல் கொலிஜ்களில் இலவசமாக 8,200 பேருக்குத் துரிதமாக பிஎஸ்டபிள்யூ பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டு 115 மில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். எங்கள் இடத்துக்கும் அப்படிப் பயின்ற பிள்ளைகள் வந்தார்கள், ஆர்வமாக வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது கசுவல். கொஞ்ச நாளில் ஒவ்வொருவராக அமேசன் கிடங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். கிடங்கில் பெட்டி தூக்கினால் கிழமைக்கு 40 மணித்தியாலம் நிச்சயம், பெட்டி கடிக்காது, செத்துப் போகாது என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். ஓட்டைப் பானைக்குள் தண்ணி வார்த்த மாதிரித்தான் அந்தப் பயிற்சிக் காசும் போனது.

பிறகு நாலு மணித்தியாலச் சட்டம். முன்பு ஒன்ராறியோவில் ஒரு முதியவருக்கு நாளுக்கு ஆகக்குறைந்தது 2.25 மணித்தியாலப் பராமரிப்பு என்று விதி இருந்தது, 1996இல் அதை எடுத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2022 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில், 2025 மார்ச் 31க்குள் சராசரியாக நாளுக்கு 4 மணித்தியாலம் என்று இலக்கு வைத்தார்கள். இதற்காக யூனியன்களும் குடும்பத்தினரும் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. உங்கள் அம்மா இருக்கும் இல்லத்தில், அவர் இருக்கும் தளத்தில், இன்றைக்கு நாலு மணித்தியாலம் கிடைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த மணித்தியாலங்களைத் தினமும் தெரிந்த முகம் தருகிறதா, ஆப்பில் சிஃப்ட் பிடித்து வந்த புது முகம் தருகிறதா என்றும் அது கேட்கவில்லை. மறோக்கோ ஆணைக்குழு அதையும் கேட்டது, இல்லங்களில் 70 சதவீத வேலைகள் முழுநேரமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாலு மணித்தியாலம் சட்டத்தில் ஏறியது. 70 சதவீதம் ஏறவில்லை. என் பார்வையில் இரண்டாவதுதான் முதலாவதைவிட முக்கியம், ஏனென்றால் நிலையாக நிற்கும் ஆட்கள் இல்லாமல் அந்த நாலு மணித்தியாலத்தை யார் கொடுப்பது?

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. ரொறன்ரோ மாநகரம் 10 இல்லங்களைத் தானே நடத்துகிறது. அங்கே ஒரு லைன் கிடைத்தால் எங்கள் ஆட்கள் ஓய்வு பெறும்வரை விடமாட்டார்கள், ஓய்வூதியமும் இருக்கிறது. அங்கேயும் சோர்ட் உண்டு, அங்கேயும் பகுதிநேரம் உண்டு, சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவர் ஒரே தளத்தில் நீண்ட காலம் நின்று, அங்கே இருக்கும் ஒவ்வொரு ஐயாவுக்கும் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று தெரிந்து வேலை செய்வது இந்த நகரத்திலேயே நடக்கிறது.

1983க்குப் பிறகு வந்து இறங்கிய எங்கள் ஆட்களின் முதல் தலைமுறை இப்போது இந்த இல்லங்களின் வாசலுக்கு வந்துவிட்டது. பெற்றோரைச் சேர்க்க இடம் பார்க்கப் போகும் பிள்ளைகள் தரை பளபளப்பாக இருக்கிறதா, அறை பெரிதா, தமிழ்ச் சாப்பாடு கிடைக்குமா, வெள்ளிக்கிழமை பஜனை உண்டா என்று கேட்கிறார்கள். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இன்னும் சிலதையும் கேளுங்கள். இந்தத் தளத்தில் பிஎஸ்டபிள்யூக்களில் எத்தனை பேர் முழுநேரம்? போன மாதம் எத்தனை சிஃப்டுக்கு ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள்? ஒருவர் வராவிட்டால் அவருக்குப் பதில் ஆள் போடுவீர்களா, அல்லது இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பீர்களா? இரவுச் சிஃப்டில் எத்தனை முதியவருக்கு ஒருவர்? சுற்றிக் காட்டுகிறவர் முதலில் தடுமாறுவார். பரவாயில்லை, பதில் வரும்வரை நில்லுங்கள். போகிற வழியில் எதிரே வரும் பிஎஸ்டபிள்யூவிடம் "நீங்கள் இங்கே எவ்வளவு காலம்?" என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே உங்கள் அம்மாவோ அப்பாவோ ஒரு இல்லத்தில் இருந்தால், அங்கே குடும்பத்தினர் சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி ஒன்றை அமைக்கச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, இல்லத்துக்காரர் குறுக்கே நிற்க முடியாது. சபை எழுத்தில் ஒரு கவலையையோ ஆலோசனையையோ கொடுத்தால் 10 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். நாங்கள் ஊழியர் கேட்டால் "ஒப்பரேஷனல் தேவை" என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிற அதே கேள்விக்கு, உங்கள் சபைக்கு எழுத்தில் பதில் தர அவர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள். முழுநேர லைன்கள் எத்தனை, கடந்த வருடம் எத்தனை இருந்தது என்ற இந்த இரண்டு எண்களையும் முதலில் கேளுங்கள். இங்கிலீஷில் எழுதக் கஷ்டமாக இருந்தால் கீழே கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.